எர்ணாவூர்க் கற்களுக்கு நடுவே: ஓர் எண்ணெய்க் கசிவும், அதற்குப் பின் நாங்கள் போட்ட ஏற்பாடும்

2017 ஜனவரியில் சென்னைக்கு வடக்கே, எண்ணூர்த் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்ததைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. நான் இங்கே பதிவு செய்வது அதில் ஒரு சின்னப் பகுதி. எர்ணாவூர்க் கரையில் இரண்டு கல் தடுப்புகளுக்கு நடுவே இருந்த ஒரு துண்டு இடம், அங்கே நாங்கள் எடுத்த முடிவுகள், அவற்றின் விளைவாக அக்கம்பக்கத்து நிறுவனங்களும் மீனவக் கிராமங்களும் சேர்ந்து செய்துகொண்ட ஓர் ஏற்பாடு, 2023 டிசம்பரில் அந்த ஏற்பாடு எங்கே நின்றது, எங்கே விழுந்தது. அப்போது நான் வடசென்னையில் பெட்ரோலியப் பொருட்களைச் சேமித்து வைக்கும் ஒரு நிறுவனத்தின் பாதுகாப்புப் பிரிவில் இருந்தேன். இதில் வருகிற யாருடைய பெயரையும் சொல்லப் போவதில்லை.

பின்னணி

கடலில் எண்ணெய் கொட்டினால் யார் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு இந்தியாவில் 1996 முதல் ஒரு தேசியத் திட்டம் இருக்கிறது. கடலில் நடக்கும் வேலையை ஒருங்கிணைப்பது கடலோரக் காவல் படை. துறைமுக எல்லைக்குள் துறைமுகம் பொறுப்பு. எண்ணெய் கையாளும் நிறுவனங்கள் முதல் நிலைக் கசிவைச் சமாளிக்கத் தேவையான கருவிகளைத் தாங்களே வைத்திருக்க வேண்டும். எண்ணெய் கரையைத் தொட்டுவிட்டால் வேலை மாநில அரசுக்கும் மாவட்ட நிர்வாகத்துக்கும் போகிறது.

அந்தத் திட்டத்தில் மூன்று நிலைகள் உண்டு. 700 டன் வரை முதல் நிலை, 10,000 டன் வரை இரண்டாம் நிலை, அதற்கு மேல் மூன்றாம் நிலை. முதல் நிலை என்றால் உள்ளூரில் இருப்பதை வைத்தே முடித்துவிடலாம் என்று பொருள். எண்ணூரில் கொட்டியது எவ்வளவு என்பதில் கணக்குகள் மாறிக்கொண்டே வந்தன. முதலில் சில டன் என்றார்கள், கடைசியில் 200 டன்னுக்கு அக்கம்பக்கம் நின்றது. எந்தக் கணக்கை எடுத்தாலும் அது முதல் நிலைதான். நகரமே திரண்டு வாரக்கணக்கில் அள்ளிய ஒரு கசிவு, திட்டத்தின் அளவுகோலில் மிகச் சிறியது. இதை வாசிப்பவர்கள் முதலில் மனத்தில் வைக்க வேண்டிய விஷயம் இது.

எங்கள் பகுதியில் எண்ணெய், எரிவாயு சம்பந்தப்பட்ட நிறுவனங்கள் நெருக்கமாக இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு கசிவுத் திட்டம் உண்டு, வருடத்துக்கு ஒன்றிரண்டு ஒத்திகையும் உண்டு. எங்கள் திட்டத்தை நானே மூன்று முறை திருத்தியிருக்கிறேன். ஆனால் பக்கத்து நிறுவனத்தின் திட்டத்தை நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. எண்ணெய் பரவாமல் தண்ணீர்மேல் மிதக்கவிடும் மிதவைத் தடுப்பு அவர்களிடம் எத்தனை மீட்டர் இருக்கிறது என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியாது.

ஜனவரி 28

சனிக்கிழமை. அமாவாசை இருட்டு. அதிகாலை நான்கு மணி வாக்கில், எரிவாயுவை இறக்கிவிட்டுத் துறைமுகத்திலிருந்து வெளியே வந்த கப்பலும், பெட்ரோலியச் சரக்குடன் உள்ளே வந்துகொண்டிருந்த கப்பலும் மோதிக்கொண்டன. உள்ளே வந்த கப்பலில் 32,000 டன்னுக்கு மேல் சரக்கு இருந்தது. நல்லவேளையாக அது கொட்டவில்லை. கசிந்தது கப்பலின் இயந்திரத்துக்கான கனரக எரிபொருள் எண்ணெய். கறுப்பாக, தார் மாதிரி இருப்பது.

அன்று மதியம் எங்கள் வாசல் காவலாளி என்னிடம் வந்தார். எர்ணாவூர்க்காரர். "சார், கடலோரத்துல கறுப்பா ஏதோ ஒதுங்குதாம், எங்க மச்சான் போன் பண்ணான்" என்றார். நான் எனக்குத் தெரிந்த இடங்களில் விசாரித்தேன். கசிவு இல்லை, பயப்பட ஒன்றுமில்லை என்று பதில் வந்தது. நான் அதை நம்பி வேலையைப் பார்க்கப் போய்விட்டேன். வண்டியை எடுத்தால் பதினைந்து நிமிடத்தில் போய்ப் பார்த்திருக்கலாம். போகவில்லை. இந்தப் பதிவில் என் தவறு என்று முதலில் எழுத வேண்டியது அதுதான். அதிகாரப்பூர்வத் தகவலுக்கு நான் கொடுத்த எடையில் பாதியைக் காவலாளியின் மச்சானுக்குக் கொடுத்திருந்தால், எண்ணெய் கற்களுக்குள் புகுவதற்கு முன்பே ஒரு பகல் கிடைத்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். மேட்டிலிருந்து பார்த்தபோது கடல் வழக்கம்போலத்தான் இருந்தது. கல் தடுப்பின் மூலைக்குப் போன பிறகுதான் தெரிந்தது. அலை உள்ளே வருகிறது, ஆனால் உடையவில்லை. கறுப்புப் போர்வையை யாரோ அடியிலிருந்து தூக்கித் தூக்கி இறக்குகிற மாதிரி மேல்பரப்பு மெதுவாக ஏறி இறங்கியது. சத்தமே இல்லை. பக்கத்தில் நின்ற ஒரு வயதான மீனவர் கையிலிருந்த துடுப்பை உள்ளே விட்டு எடுத்தார். ஒரு முழத்துக்கும் மேலே கறுப்பு ஏறியிருந்தது. "இது மேல படிஞ்ச எண்ணெய் இல்ல தம்பி, அடி வரைக்கும் இதுதான்" என்றார்.

தண்ணீரோடு கலந்து அடிபடும்போது கனரக எண்ணெய் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொண்டு கூழாகிவிடும். அளவு மூன்று, நான்கு மடங்கு பெருகும். கப்பலிலிருந்து எத்தனை டன் வந்தது என்று விவாதித்துக்கொண்டிருந்தபோது கரையில் அள்ள வேண்டியது அதைப்போலப் பல மடங்காக இருந்ததற்குக் காரணம் இதுதான்.

இது எந்தப் பக்கம் போகும் என்று அந்தப் பெரியவரிடமே கேட்டேன். வாடைக் காற்று, வன்னி வெள்ளம் (வடக்கிலிருந்து வரும் நீரோட்டம்), தெற்கேதான் இழுக்கும் என்றார். ஹைதராபாத்திலுள்ள கடல் தகவல் மையத்தின் கணினிக் கணிப்பும் தெற்கு என்றே காட்டியது. அப்படியே காசிமேடு, மெரினா, பெசன்ட் நகர் என்று எண்ணெய் கீழே இறங்கியது. ஆமைகள் முட்டையிடக் கரைக்கு வரும் பருவமும் அதுவே.

கரையில் எடுத்த முடிவுகள்

அந்த வாரம் கடலோரக் காவல் படை, மாநகராட்சி, தீயணைப்பு, மாசுக் கட்டுப்பாடு, மீனவர்கள், கல்லூரி மாணவர்கள் என்று ஆயிரக்கணக்கானோர் கரையில் நின்றார்கள். ஜல்லிக்கட்டுப் போராட்டம் முடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. மாணவர்களின் வாட்ஸ்அப் குழுக்கள் சூட்டோடு இருந்தன, கூப்பிட்டவுடன் வந்தார்கள். எங்கள் நிறுவனத்திலிருந்து பதினான்கு பேர் போனோம். எங்களுக்கு ஒதுக்கியது இரண்டு கல் தடுப்புகளுக்கு நடுவே ஏறத்தாழ நூறு மீட்டர்.

முதலில் கழிவுநீர் உறிஞ்சும் லாரிகளை வைத்துத்தான் முயன்றார்கள். எங்கள் மூலையிலும் ஒரு லாரி வந்து குழாயை இறக்கியது. தண்ணீர் ஏறியது, எண்ணெய் ஏறவில்லை. கொஞ்சம் ஏறிய இடத்தில் பிளாஸ்டிக் பையும் கயிறும் சேர்ந்து குழாயை அடைத்துக்கொண்டன. அரை நாள் போனது. வாளியால் அள்ளுவது என்று முடிவு செய்தோம். அதைக் கேவலமாகச் சிலர் பேசினார்கள், 2017-ல் வாளியா என்று. களிம்பு மாதிரி ஆகிவிட்ட எண்ணெய்க்கு, கல் இடுக்கில், அந்த நேரத்தில் கையிலிருந்த வழிகளில் வேலை செய்தது அது ஒன்றுதான். அதைச் செய்தவர்களை நான் குறைவாக நினைக்க மாட்டேன். கேட்க வேண்டிய கேள்வி வேறு: அடர்த்தியான எண்ணெய்க்கான பம்பு எங்கள் பகுதியிலேயே யாரிடமாவது இருந்ததா? இருந்தது. ஆறு கிலோமீட்டர் தூரத்தில் ஒரு நிறுவனத்தின் கிடங்கில் இருந்தது என்பது எனக்கு ஐந்து மாதம் கழித்துத் தெரிய வந்தது.

வாளிகளைக் கைமாற்ற வரிசை அமைத்தோம். கல்லின் அடியில் இருவர் அள்ள, மேலே மேடு வரை பத்துப் பேர். எங்கே நிற்பது, எந்தக் கல் வழுக்கும், எப்போது அலை பெரிதாகும் என்பதையெல்லாம் மீனவர்கள் சொன்னபடி விட்டுவிட்டோம். கடற்காற்று ஏறுவதற்கு முன், காலை ஆறிலிருந்து பதினொன்று வரைதான் அடிக்கற்களில் ஆள் நிற்கலாம் என்று அவர்கள்தான் நேரம் குறித்தார்கள். அதை மீறி மாலையில் இறங்கிய ஒரு மாணவர் வழுக்கி விழுந்து முழங்காலைப் பெயர்த்துக்கொண்டார். அப்புறம் யாரும் மீறவில்லை.

இரண்டாம் நாளே கரையை மூன்றாகப் பிரித்தோம்: எண்ணெய் இருக்கும் இடம், கழுவும் இடம், சாப்பிடும் இடம். கயிறு கட்டி, கோணியைத் தொங்கவிட்டோம். அரை மணி நேரத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றினோம், ஏனென்றால் வெயில் ஏறும்போது அந்த வாடை தலையைச் சுற்ற வைக்கும். பள்ளிப் பிள்ளைகளைக் கயிற்றுக்கு உள்ளே விடவில்லை. தோலில் ஒட்டியதை எடுக்க மண்ணெண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார்கள், அதை நிறுத்தித் தேங்காய் எண்ணெய் வரவழைத்தோம். அது கரைத்தும் விடும், தோலும் எரியாது.

ஒரு தனியார் குழு நல்ல எண்ணத்தோடு மூட்டை மூட்டையாகச் சோப்புத்தூள் கொண்டு வந்தது. வேண்டாம் என்று திருப்பி அனுப்பினோம். அவர்களுக்கு வருத்தம்தான். ஆழமில்லாத தண்ணீரில் சோப்பைப் போட்டால் எண்ணெய் மறைவது போலத் தெரியும், ஆனால் சின்னச் சின்னத் துளியாகி மீன் குஞ்சும் நண்டும் இருக்கிற இடத்துக்கே இறங்கிவிடும். அங்கிருந்து திரும்ப எடுக்கவே முடியாது.

நாங்கள் தவறாக எடுத்த முடிவும் ஒன்று உண்டு. அள்ளியதைக் கோணிச் சாக்கில் கட்டி மேட்டில் அடுக்கினோம். மத்தியானத்துக்குள் வெயிலில் இளகி, சாக்கு வழியே ஊறி, மணலில் இறங்கிவிட்டது. ஒருமுறை அள்ளியதை மறுபடியும் மண்ணோடு சேர்த்து அள்ள வேண்டி வந்தது. பீப்பாய்களுக்குச் சொல்லி அனுப்பி அவை வந்து சேர இரண்டு நாள் பிடித்தது. எங்கள் நிறுவன வளாகத்தில் காலிப் பீப்பாய்கள் இருந்தன. ஆனால் அவற்றை வெளியே அனுப்ப யாருடைய கையெழுத்து வேண்டும் என்பது அன்று விடுமுறையில் இருந்த ஒருவருக்குத்தான் தெரியும்.

இன்னொன்றை எங்கள் குழுவிலிருந்த ஓர் இளம்பெண் அலுவலர் தானாகவே ஆரம்பித்தார். நாற்பது பக்க நோட்டு ஒன்றில் தினமும் எத்தனை வாளி, எத்தனை பேர், எந்தெந்தப் படகு கடலுக்குப் போகவில்லை, யாருடைய வலை கெட்டது என்று எழுதினார், பக்கத்தில் தேதி போட்ட புகைப்படம் எடுத்தார். இதன் மதிப்பு அப்போது எனக்குப் புரியவில்லை. கப்பல் விபத்தில் இழப்பீடு என்பது பெரும்பாலும் கப்பல் உரிமையாளரின் காப்பீட்டுக் கழகத்தோடு நடக்கும் பேச்சு. அவர்கள் ஆதாரம் கேட்பார்கள். காசிமேட்டில் கூடையில் மீன் விற்கிற அம்மாவிடம் பில் ஏது? கறை படிந்த மீன் என்று யாரும் வாங்காததால் அவர் இழந்த பத்து நாள் வருமானத்துக்கு எந்தக் காகிதத்தைக் காட்டுவார்? அந்த நோட்டைப் பின்னால் ஊர்ப் பெரியவர்கள் நகல் எடுத்துக்கொண்டு போனார்கள்.

அள்ளிய கழிவைத் துறைமுக வளாகத்துக்குக் கொண்டுபோய், குழியில் போட்டு, எண்ணெயைத் தின்னும் நுண்ணுயிரிகளைக் கலந்து சிதைத்தார்கள். கல் இடுக்குகளில் கறுப்பு மாதக்கணக்கில் இருந்தது.

ஒரு பக்க ஒப்பந்தம்

அதே ஆண்டு ஜூலையில் எங்கள் பகுதி நிறுவனங்கள் ஐந்தை ஒரு மேசைக்கு அழைத்தோம். மீன்வளத் துறை அதிகாரி ஒருவரும், இரண்டு கிராமங்களின் பெரியவர்களும் வந்தார்கள். யோசனை எங்களுடையதல்ல. 1996 முதலே சர்வதேசக் கடல்சார் அமைப்பும் எண்ணெய்த் தொழில்துறையின் இபீக்கா அமைப்பும் சேர்ந்து, அரசுகளையும் நிறுவனங்களையும் வட்டாரம் வட்டாரமாக ஒரே மேசையில் உட்கார வைக்கும் திட்டம் ஒன்றை நடத்துகின்றன. ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் அது நடக்கிறது. அதே வேலையைப் பத்துக் கிலோமீட்டர் கரைக்குச் செய்தால் என்ன என்றுதான் நினைத்தோம்.

கருவிப் பட்டியலைச் சேர்க்க ஒரே நாள் போதும் என்று நினைத்தேன். மூன்று மாதம் ஆனது. தடங்கல் பணத்திலோ கருவியிலோ இல்லை. ஒவ்வொரு நிறுவனத்தின் சட்டப் பிரிவும் ஒரே கேள்வியைக் கேட்டது: நாம் மிதவைத் தடுப்பை அனுப்பினால், கசிவு நம்முடையது என்று நாமே ஒப்புக்கொண்டதாக ஆகிவிடாதா? ஜனவரியில் பல கதவுகள் ஏன் மெதுவாகத் திறந்தன என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. யாரும் கெட்ட எண்ணத்தில் இல்லை. உதவி செய்தால் மாட்டிக்கொள்வோம் என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது.

கடைசியில் ஒரு வரியில் தீர்த்தோம். உதவிக்குப் பொருளோ ஆளோ அனுப்புவது பொறுப்பை ஏற்பதாகாது, டீசல், கூலி, தேய்மானம் ஆகியவற்றைக் கணக்கு வைத்து முப்பது நாளில் தீர்ப்போம். அந்த வரிக்குக் கீழே யார் யாரைக் கூப்பிட வேண்டும், எந்தக் கிடங்கில் எது, சாவி யாரிடம் என்பது. கிராமத்திலிருந்து வரும் போனுக்கு இரண்டு மணி நேரத்துக்குள் ஒருவர் நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்பதையும் சேர்த்தோம். இது என் தவறிலிருந்து வந்த விதி. மொத்தம் ஒரு பக்கம். மீன் ஏலக்கூடத்துச் சுவரில் எண்களைப் பெயின்டில் எழுதினோம்.

கடலில் நாடுகளுக்கு இடையிலான ஒத்துழைப்பு இதைவிட முன்னேறியிருக்கிறது என்பதை 2020 செப்டம்பரில் பார்த்தோம். ஏறத்தாழ 2.7 லட்சம் டன் கச்சா எண்ணெயோடு பாரதீப்புக்கு வந்துகொண்டிருந்த நியூ டயமண்ட் கப்பல் இலங்கையின் கிழக்குக் கரைக்கு அப்பால் தீப்பிடித்தபோது, இந்தியக் கடலோரக் காவல் படைக் கப்பல்கள் போய் இலங்கையோடு சேர்ந்து அணைத்தன. சரக்கு கடலில் கொட்டவில்லை. தெற்காசியக் கடல்களுக்கான ஒத்துழைப்பு ஒப்பந்தத்துக்கு இந்திய அமைச்சரவை 2018-லேயே ஒப்புதல் கொடுத்திருந்தது. நாட்டு எல்லை தாண்டி உதவி போகிறது. மணலிக்கும் எண்ணூருக்கும் நடுவில் போகிற உதவிதான் இன்னும் தடுமாறுகிறது.

2023 டிசம்பர்

மிக்ஜாம் புயல் மழையில் மணலித் தொழிற்பகுதியிலிருந்து வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து, பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலை ஆற்றுக்கும் எண்ணூர் முகத்துவாரத்துக்கும் வந்தது. வீட்டுச் சுவர்களில் வெள்ளம் நின்ற மட்டத்துக்குக் கறுப்புக் கோடு. அலையாத்திச் செடிகளின் தண்டெல்லாம் கறுப்பு. கூழைக்கடாக்களின் இறகிலும்.

சுவரில் எழுதியிருந்த என் எண்ணுக்குப் போன் வந்தது. நான் ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகியிருந்தது. "அண்ணே, ஆத்துல மண்ணெண்ணெய் வாடை, கண்ணு எரியுது, யாரைக் கூப்புடறதுன்னு தெரியல" என்றார் காட்டுக்குப்பத்துப் பெண் ஒருவர். பட்டியலில் இருந்த எட்டுப் பேரில் மூவர் ஓய்வு, இருவர் மாற்றல். மீதி மூவரில் ஒருவர் எடுத்தார். எடுத்தவர் சொன்னபடி போக முயன்றார், சாலையில் இடுப்பளவு தண்ணீர். படகில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். நேரில் பார்த்து வந்த அந்தத் தகவலை உடனே மற்ற நிறுவனங்களுக்கும் அதிகாரிகளுக்கும் சொன்னோம். இந்த ஒன்று வேலை செய்தது.

மிதவைத் தடுப்பு வேலை செய்யவில்லை. அது வெள்ளம் சூழ்ந்த கிடங்கில் இருந்தது. வெளியே எடுத்தபோது அதைக் கட்ட ஆற்றங்கரையில் எங்களுக்குத் தூண் இல்லை. ஓடும் தண்ணீரின் வேகம் மணிக்கு ஒரு கடல் மைலுக்கும் கொஞ்சம் குறைவான அளவைத் தாண்டினாலே நேர்க்குறுக்காகக் கட்டிய தடுப்பின் அடியில் எண்ணெய் நழுவிப் போய்விடும், சாய்வாகத்தான் கட்ட வேண்டும். எங்கே சாய்ப்பது என்று ஆற்றில் நாங்கள் ஒருநாளும் ஒத்திகை பார்த்ததில்லை. எங்கள் ஒரு பக்க ஒப்பந்தம் முழுக்கக் கடலைப் பார்த்து எழுதப்பட்டது. எண்ணெய் எங்கள் முதுகுப் பக்கமிருந்து, ஆற்று வழியாக வந்தது. முதல் நாட்களில் மீனவர்கள் மறுபடியும் கையால்தான் அள்ளினார்கள்.

பின்னர் அரசு அறிவித்த நிவாரணத்தில் 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாயும், 787 படகுகளுக்குத் தலா 10,000 ரூபாயும், பாதிக்கப்பட்ட மற்ற 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500 ரூபாயும் கிடைத்தன. ஆற்றில் கையால் தடவி இறால் பிடிக்கிறவர்களுக்குப் படகும் இல்லை, வலையும் இல்லை. அவர்கள் எந்தப் பட்டியலில் வருவார்கள் என்பது கடைசி வரை வாக்குவாதமாகவே இருந்தது. 2017-ன் நோட்டுப் பழக்கம் ஒரே ஒரு கிராமத்தில் மட்டும் மிஞ்சியிருந்தது. அங்கே அந்த வாக்குவாதம் சீக்கிரம் முடிந்தது.

மாற்றியவையும் மாற்ற வேண்டியவையும்

பட்டியலில் இப்போது பெயர் கிடையாது, பதவி மட்டும். ஒவ்வொரு பதவிக்கும் நிறுவனமே வைத்திருக்கும் கைபேசி, வேலை மாறும்போது போனும் கைமாறும். மாதத்தின் முதல் திங்கள் கிராமத்திலிருந்து ஒருவர் எல்லா எண்ணையும் அழைத்துப் பார்க்கிறார். எடுக்காத எண் எது என்று அடுத்த கூட்டத்தில் முதல் விஷயமாகப் பேசப்படுகிறது.

மிதவைத் தடுப்பில் ஒரு பங்கை மேடான இடத்துக்கு மாற்றியாகிவிட்டது. பாலத்துக்குக் கீழே சாய்வாகக் கட்டுவதற்கான தூண்களுக்கு நீர்வளத் துறையின் அனுமதி கேட்டிருக்கிறார்கள். நானாக இருந்தால் இதை எல்லாவற்றுக்கும் முன்னால் செய்திருப்பேன். பருவமழைக்கு முன் ஒவ்வொரு நிறுவனமும் தன் வளாகத்து மழைநீர் எந்த வாய்க்காலில் வெளியேறுகிறது என்ற வரைபடத்தை மற்ற நான்கு பேரிடமும் கொடுக்க வேண்டும் என்றும் கேட்டோம். மூன்று நிறுவனங்கள் கொடுத்துவிட்டன, இரண்டு இன்னும் கொடுக்கவில்லை.

அள்ளுகிற மீனவர்களுக்குக் கூலி, கையுறை, காலுறை, விபத்துக் காப்பீடு ஆகியவை ஒப்பந்தத்துக்குள் வர வேண்டும் என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். இரண்டு முறையும் முதலில் இறங்கியவர்கள் அவர்கள்தான். வரைவு தயாராக இருக்கிறது, சட்டப் பிரிவுகள் படித்துக்கொண்டிருக்கின்றன. ஏலக்கூடத்துச் சுவருக்கு இந்த வருடம் புதுப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். எண்களுக்குப் பக்கத்தில் ஆற்றையும் கால்வாயையும் வரைந்து, எந்த இடத்தில் வாடை வந்தால் எந்த எண் என்று அம்புக்குறி போட்டது அந்தக் காட்டுக்குப்பத்துப் பெண்ணின் மகன்.